இக்போ கிராமத்தில் கிறிஸ்துமஸ்: விருந்தினராகப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நைஜீரியாவின் லேகோஸ் நகரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஆண்டு முடிவு நெருங்கும்போது, தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ இனத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடமிருந்து அழைப்பு வரும்: "இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள்." உபசாரத்துக்காகச் சொல்வது அல்ல, மனதார அழைப்பது. தயங்காமல் போங்கள்.

அப்படிப் போன நண்பர்கள் சிலருடன் நானும் கூட இருந்திருக்கிறேன். அவர்கள் தடுமாறியது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: செய்ய வேண்டியதைச் செய்தார்கள், வரிசை மாற்றிச் செய்தார்கள். நல்ல பரிசைத் தவறான நேரத்தில் நீட்டினார்கள். கேட்க வேண்டிய அனுமதியைக் கேட்கக் கூடாதவரிடம் கேட்டார்கள். அதனால் எதற்குப் பின் எது, ஏன் என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இதில் உள்ளவை அனம்ப்ரா மாநிலக் கிராமங்களை வைத்து எழுதியவை. இமோ, எனுகு, அபியா, எபோன்யி மாநிலங்களில் சில விவரங்கள் மாறும். மாறும் இடங்களில் உங்களை அழைத்த நண்பர் சொல்வதே சரி.

1. அழைப்பை வீட்டுப் பெரியவர் வரை கொண்டுபோங்கள்

அழைத்தவர் உங்கள் அலுவலக நண்பராக இருக்கலாம். நீங்கள் தங்கப்போவது அவருடைய அப்பாவின் வீட்டில். அப்பா இல்லையென்றால் மூத்த அண்ணனின் பொறுப்பில். ஊருக்குள் விருந்தாளி என்பவர் தனி ஒருவரின் விருந்தாளி அல்லர். தந்தை வழிப் பங்காளிகள் அனைவரையும் சேர்த்து உமுன்னா என்பார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வருகிறார் என்றால் அது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே செப்டம்பரிலேயே நண்பரிடம், "அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். லேகோஸ், அபுஜா, போர்ட் ஹார்கோர்ட், வெளிநாடு என்று சிதறிக் கிடக்கும் குடும்பம் முழுவதும் கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டு வாரத்தில்தான் வீடு திரும்புகிறது. அறைகள் முன்கூட்டியே பங்கிடப்படும். கடைசி வாரத்தில் சொன்னால் உங்களுக்காக ஒரு சித்தப்பா குடும்பம் அறையைக் காலி செய்யும்; உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

அப்போதே இன்னும் இரண்டைக் கேட்டுவிடுங்கள். குடும்பத்தில் திருமணமோ, ஊர் மரியாதைப் பட்டம் ஏற்கும் விழாவோ இருக்கிறதா? முன்னோர் ஆவிகளாக ஊரார் கருதும் முகமூடிகள் எந்த நாட்களில் வெளியே வரும்? உடையும் கையிருப்புப் பணமும் இந்தப் பதில்களைப் பொறுத்தவை.

சைவம் என்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் முதன்முறையாகச் சொன்னால், உங்களுக்காக அறுத்த கோழியை வேண்டாம் என்றதாக ஆகிவிடும்.

2. பயண நாளைக் கூட்டத்துக்கு முன் வையுங்கள்

லேகோஸிலிருந்து ஒனிட்ஷா சுமார் 450 கிலோமீட்டர். ஓரே, பெனின் சிட்டி, அசாபா வழியாகப் போய் நைஜர் ஆற்றைக் கடந்தால் ஒனிட்ஷா. சாதாரண நாளில் ஒரு பகல் பொழுதில் போய்ச் சேரலாம். டிசம்பர் 20-க்குப் பிறகு அசாபா பக்கம் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். இரண்டாவது நைஜர் பாலம் 2022 டிசம்பரில் தற்காலிகமாகவும், 2023 மே மாதத்தில் முறைப்படியும் திறக்கப்பட்டது. நெரிசல் குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. டிசம்பர் 18 வாக்கில் கிளம்புவது நல்லது.

அதிகாலையில் புறப்படும் பஸ்ஸைப் பிடியுங்கள். இருட்டில் சாலையில் இருக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் தென்கிழக்கு மாநிலங்களில் தொடங்கிய திங்கட்கிழமை அடைப்பின் (கடைகளும் போக்குவரத்தும் நிற்கும் முடக்கம்) நிலவரத்தையும் அந்த வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் திங்களன்று பயணம் வைப்பதே இல்லை.

விமானம் என்றால் அசாபா, உமுவேரியில் உள்ள அனம்ப்ரா விமான நிலையம், ஓவெரி, எனுகு ஆகிய நான்கில் ஊருக்கு எது அருகில் என்று பார்த்து முன்பே டிக்கெட் எடுங்கள். டிசம்பரில் கட்டணம் தாறுமாறாக ஏறும். சஹாராவிலிருந்து வீசும் ஹார்மட்டான் காற்று தூசியால் வானத்தை மூடிவிட்டால் விமானம் தாமதமாகும், சில நாள் ரத்தும் ஆகும். அதனால் 24-ஆம் தேதி விமானத்தை நம்பாதீர்கள்.

அதே காற்றுக்காக உதட்டுக்கு வாசலினும் விடியற்காலைக் குளிருக்கு ஒரு போர்வையும் வேண்டும். கொசுவலையும் மலேரியாத் தடுப்பு மாத்திரையும் மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பரிசுகளும் சில்லறை நோட்டுகளும்

யாருக்கு என்ன என்பதைப் புறப்படும் முன் பிரித்து, தனித்தனிப் பைகளில் கட்டுங்கள். மொத்தமாகக் கொண்டுபோய் நண்பரிடம் கொடுத்தால் அது அவருடைய பரிசாகிவிடும்; பெரியவர்களுக்கு நீங்கள் எதுவும் கொண்டுவரவில்லை என்றாகும்.

அப்பாவுக்கு ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் போதும். முன்னோர்க்குத் தரையில் ஊற்றி வேண்டுவதற்குப் பயன்படும் மது அது. அதனால் விலையுயர்ந்த விஸ்கியைவிட மதிப்புப் பெறும். கிறிஸ்தவப் பற்று மிகுந்த சில வீடுகளில் இதை விரும்ப மாட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் துணி. மணமான பெண்கள் இடுப்பில் இரண்டு சுற்றுத் துணி உடுத்துவார்கள் என்பதால், இரண்டு துண்டுக்கு ஆகும் அளவில் ஒரே துணியாக வாங்க வேண்டும். இடையில் தமிழ்நாட்டுக்கு வந்துபோகிறவர்கள் சென்னையிலேயே ஜார்ஜ் துணி வாங்கி வரலாம். நைஜீரியச் சந்தைக்கென்றே அங்கே நெய்தும் பூவேலை செய்தும் அனுப்புகிறார்கள். இக்போ அம்மாக்கள் திருமணத்துக்கு உடுத்தும் துணி அதுதான்.

வீட்டுக்குப் பொதுவாக ஒரு மூட்டை அரிசி, மதுவற்ற மால்ட் பானம் ஒரு பெட்டி. வழியில் பஸ் நிற்கும் இடங்களில் நீளமான ரொட்டி விற்பார்கள், நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். பயணத்திலிருந்து வருகிறவர் கையில் ரொட்டி இருக்கும் என்று குழந்தைகள் எதிர்பார்த்திருப்பார்கள்.

நைரா சில்லறை நோட்டுகளை நவம்பரிலேயே வங்கியில் மாற்றி வையுங்கள். குழந்தைகள், தேவாலயக் காணிக்கை, முகமூடிகள் என்று எல்லாவற்றுக்கும் சின்ன நோட்டு வேண்டும். டிசம்பரில் அது கிடைக்காது.

உடையில் ஒரே எச்சரிக்கை: சிவப்புத் தொப்பி வாங்காதீர்கள். சிங்கத்தலை வடிவம் போட்ட இசியாகு சட்டையை விருந்தினரும் அணியலாம், சந்தோஷப்படுவார்கள். சிவப்புத் தொப்பி, பட்டம் ஏற்றவர்களுக்கு உரியது. அழகாக இருக்கிறதே என்று சட்டையோடு சேர்த்து வாங்கிவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

4. வந்து இறங்கியதும் முதலில் பெரியவரைப் பாருங்கள்

குளித்து, உடை மாற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பையை வாசலில் வைத்துவிட்டு நேராகப் பெரியவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பழைய வீடுகளில் அவர் அமரும் முன்கூடத்துக்கு ஓபி என்று பெயர்.

உடலைச் சற்று வளைத்து வணங்குங்கள். கையை நீங்கள் முதலில் நீட்ட வேண்டாம். அவர் நீட்டினால் வலக்கையால் பற்றுங்கள். பட்டம் ஏற்ற இருவர் சந்தித்தால் புறங்கைகளை மூன்று முறை தட்டிய பிறகே கைகுலுக்குவார்கள். அதைப் பார்த்து ரசியுங்கள், நீங்கள் முயல வேண்டாம். ஊர்த் தலைவரான இக்வேயிடம் கையே நீட்டக் கூடாது.

பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். "ன்னா அன்யி", அதாவது எங்கள் தந்தையே, என்பது போதும். வீட்டு அம்மாவை, மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்து "மாமா" என்பார்கள்; இங்கே மாமா என்றால் அம்மா. அவர்கள் "ன்னோ" என்று வரவேற்பார்கள், நீங்கள் "டாலு" என்று நன்றி சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

பரிசை இப்போது எடுக்காதீர்கள். வந்த காரணத்தையும் இப்போது சொல்லாதீர்கள். இரண்டும் அடுத்த படி முடிந்த பிறகுதான்.

5. ஓஜி: இதற்கு முன் எதுவும் இல்லை

ஓஜி என்பது கோலாக் கொட்டை. அது விருந்தினர் முன் வைக்கப்பட்டு, வேண்டுதல் முடிந்து, பகிர்ந்து உண்ணப்படும் வரை வீட்டில் எந்தப் பேச்சும் தொடங்கியதாகக் கணக்கில்லை. "ஓஜி கொண்டுவருபவர் உயிரைக் கொண்டுவருகிறார்" என்பது இக்போ மக்கள் எல்லோர் வாயிலும் வரும் பழமொழி. இதைச் சரியாகக் கடந்துவிட்டால் மீதி நாட்கள் எளிது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தட்டு சுற்றி வரும். மரத்தட்டில் கொட்டைகளும், பக்கத்தில் நிலக்கடலையும் மிளகாயும் அரைத்த விழுதும், சில வீடுகளில் பச்சைக் கத்தரிக்காயும் இருக்கும். வீட்டுக்காரர் அதைத் தன் நெருங்கிய பங்காளியிடம் காட்டுவார். அவர் அடுத்தவரிடம், அவர் அதற்கடுத்த கிளையாரிடம் என்று உறவு முறைப்படி போய் விருந்தினரான உங்களிடம் வரும். பார்த்ததும் எடுத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்! உங்களுக்குக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். தட்டை வலக்கையால் தொட்டுவிட்டு வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். கடைசியில் அது வீட்டுக்காரர் கைக்கே திரும்ப வேண்டும். இந்தச் சுற்றில்தான் யார் யாருக்கு என்ன முறை என்பது சபைக்குத் தெரிகிறது. உங்களுக்கும் தெரிய வரும். யார் கைக்கு அடுத்து யார் கை என்று கவனித்து வையுங்கள், ஊரில் உள்ள வரைக்கும் உதவும்.

அடுத்து வேண்டுதல். கூடியிருப்பவர்களில் மூத்தவர் ஒரு கொட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு இக்போ மொழியில் வேண்டுவார். ஓஜிக்கு ஆங்கிலம் கேட்காது என்பார்கள். பத்து வெளிநாட்டவர் இருந்தாலும் மொழி மாறாது. நடுவில் நண்பரிடம் என்ன சொல்கிறார் என்று கேட்காதீர்கள். பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும் என்ற வரி அநேகமாக வரும். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் சபை "ஈசே!" என்று சேர்ந்து குரல் கொடுக்கும். நீங்களும் கொடுங்கள். குரல் கொடுத்த விருந்தாளியை அவர்கள் மறப்பதில்லை.

பிறகு உடைப்பது. பல ஊர்களில் இளையவர் ஒருவர் உடைத்துப் பரிமாறுவார். மேல்தோலை உரித்து, வெளிர்சிவப்புப் பருப்பின் பொருத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து நெம்புவார்; மெல்லிய ஓசையுடன் பிளவுகள் விலகும். உடனே எல்லோர் கண்ணும் எண்ணிக்கைக்குப் போகும். நான்கு பிளவு என்றால் ஈகே, ஓரியே, ஆஃபோ, ன்க்வோ என்ற நான்கு சந்தை நாட்களும் நிறைந்தன என்று மகிழ்வார்கள். ஐந்து என்றால் செல்வம். எண்ணி முடிக்கும் வரை கை நீட்ட வேண்டாம்.

முதல் துண்டை வீட்டுக்காரர் எடுப்பார். தான் கொடுப்பதைத் தானே முதலில் உண்டு காட்டுவது வழக்கம். பிறகு வயது முறையில் வரும். உங்கள் முறை வந்ததும் வலக்கையால் ஒரு துண்டு எடுத்து, விழுதில் தொட்டு மெல்லுங்கள். நல்ல கசப்பு, துப்பிவிடாதீர்கள். காபி போலவே தூக்கத்தைக் கெடுக்கும் பொருள் இதில் உண்டு, அதனால் இரவில் ஒரு கிள்ளு போதும். மருத்துவக் காரணத்தால் முடியாதென்றால் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று தலையாட்டக் கூடாது. ஓஜியை மறுப்பது வீட்டுக்காரரையே மறுப்பது.

சில வேளைகளில் உடைக்காத முழுக் கொட்டை ஒன்றை உங்களிடம் தருவார்கள். அது சாப்பிடுவதற்கு அல்ல. ஓஜி வீடு போய்ச் சேர்ந்தால் எங்கிருந்து வந்தது என்று அதுவே சொல்லும் என்பார்கள். சட்டைப்பையில் வைத்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வாங்கிய இடத்திலேயே கடித்துவிடுகிறவர்கள் உண்டு; யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள், ஆனால் அடுத்த கொட்டை வராது.

பெண் விருந்தினர்களுக்கு: வழக்கப்படி பெண்கள் ஓஜியை உடைப்பதும் இல்லை, வேண்டுதல் நடத்துவதும் இல்லை. உங்கள் பங்கு ஓர் ஆணின் கை வழியாக வரும். இதைப் பற்றி இக்போ பெண்களிடையே காரசாரமான விவாதம் இருக்கிறது. அந்த விவாதம் அவர்களுடையது. விருந்துக்குப் போன சபையில் நாம் தொடங்குவதற்கு இல்லை.

நீங்களே ஓஜி வாங்கிப் போவதாக இருந்தால் வகை பார்த்து வாங்குங்கள். இரண்டே பிளவாகப் பிரியும் பெரிய கொட்டை க்வோரோ. வட நைஜீரியாவில் விரும்பி மெல்வது, இக்போ சடங்குக்கு ஆகாது. பல பிளவு கொண்ட ஓஜி இக்போ என்று கேட்டு வாங்க வேண்டும்.

இது முடிந்ததும் வந்த காரணத்தை எழுந்து நின்று இரண்டு வரியில் சொல்லுங்கள். பிறகு பரிசுகளை மூத்தவரிலிருந்து தொடங்கிக் கொடுங்கள்.

6. பனங்கள்ளும் சாப்பாடும்

காலையில் இறக்கிய எண்ணெய்ப்பனைக் கள் இனிப்பாக இருக்கும். மாலைக்குள் புளித்துக் கடுமையாகிவிடும். ஊற்றுபவர் முதலில் தான் ருசி பார்த்துவிட்டுத்தான் தருவார். குடிக்காதவர்கள் கோப்பையை வாங்கி உதட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கலாம், பிறகு மால்ட் கேட்கலாம். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

சாப்பாட்டில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். மரவள்ளிக் களியான ஃபூஃபூவும் இடித்த யாம் கிழங்கும் கையால் சாப்பிடுவது என்றதும், நமக்குத் தெரிந்ததுதானே என்று ரசம் சாதம் போலக் குழம்பை ஊற்றிப் பிசைந்துவிடுகிறோம். பிசையக் கூடாது. வலக்கை விரல் நுனியால் சிறிய உருண்டை கிள்ளி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, குழம்பை அதில் அள்ளி வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் ஃபூஃபூ பற்களில் ஒட்டிக்கொள்ளும்.

கோழியின் இரைப்பை வீட்டுப் பெரியவருக்கு உரியது. பொதுப் பாத்திரத்தில் கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது: கறி போடாத குழம்பிலும் இறால் தூளும் கருவாடும் இருக்கும், தக்காளி சேர்த்துச் செய்யும் ஜொலாஃப் சோறு கறி வேகவைத்த நீரில் சமைத்ததாக இருக்கலாம். சுட்ட கிழங்கு, பனையெண்ணெயும் மிளகாயும், பொரித்த வாழைக்காய், காராமணி மாவில் பொரித்த அகரா ஆகியவற்றை நம்பலாம். எனுகு பக்கம் பம்பாரா பயற்று மாவை வேகவைத்துச் செய்யும் ஒக்பா கிடைக்கும். சூடாகச் சாப்பிட்டால் அதற்கு ஈடு இல்லை.

7. 25-ஆம் தேதி

காலையில் தேவாலயம். கத்தோலிக்கரோ ஆங்கிலிக்கரோ, வழிபாடு நீளும். காணிக்கை ஒருமுறையோடு முடியாது, பாடி ஆடிக்கொண்டே வரிசையாகப் போய் இடுவார்கள். கையில் இருப்பதை முதல் சுற்றிலேயே போட்டுவிடாதீர்கள். நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் வீட்டாரோடு போவதுதான் அழகு.

மதியம் சோறும் கோழிக் குழம்பும். அதன் பிறகு வீடு வீடாகப் போகும் நேரம். புத்துடை போட்ட குழந்தைகள் கூட்டமாக வந்து வாசலில் நிற்பார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே மதிப்புள்ள நோட்டைக் கொடுங்கள். ஒரு குழந்தைக்குக் கூடக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் தெருவே திரும்பி வரும்.

நீங்கள் போகும் வீடுகளில் எல்லாம் சாப்பாடு வைப்பார்கள். முதல் வீட்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல், எல்லா வீட்டிலும் கொஞ்சம் சாப்பிடுங்கள்.

8. முகமூடிகள் வரும்போது

ம்மன்வு எனப்படும் முகமூடிகள் 25 மாலை அல்லது 26 முதல் ஊர்ப் பொதுவெளிக்கு வரும். வழக்கத்தில் அவை வேடமிட்ட மனிதர்கள் அல்ல, முன்னோரின் ஆவிகள். உள்ளே இருப்பது யார் என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். இது ஊரின் நம்பிக்கையைப் பொதுவில் உடைக்கும் கேள்வி.

வீட்டாரில் ஓர் ஆண் பக்கத்தில் இல்லாமல் போக வேண்டாம். சில முகமூடிகளோடு பிரம்பு ஏந்திய இளைஞர்கள் வருவார்கள், அடி உண்மையாகவே விழும். பெண்கள் நெருங்கக் கூடாத முகமூடிகளும் உண்டு; எது, எவ்வளவு தூரம் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டு அவர்களோடு நில்லுங்கள்.

படம் எடுக்க முகமூடியிடமோ அருகில் நிற்கும் சிறுவனிடமோ அனுமதி கேட்பதில் பயனில்லை. கூடவே வரும் பொறுப்பாளரிடம் உங்கள் வீட்டுக்காரர் கேட்க வேண்டும். பணத்தையும் அவரிடமே கொடுங்கள்.

இஜெலே வருகிறது என்று கேள்விப்பட்டால் எந்த வேலையையும் விட்டுவிட்டுப் போங்கள். சுமார் நான்கு மீட்டர் உயரம். துணியும் மூங்கிலும் பொம்மைகளுமாக ஓர் ஊரே நடந்து வருவதாகத் தோன்றும். யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் 2009-இல் இடம்பெற்றது. எப்போதாவதுதான் வெளியே வரும்.

9. 26 முதல் புத்தாண்டு வரை

ஊர்ச்சங்கக் கூட்டம், உமுன்னா கூட்டம், வயதுக்குழுக் கூட்டம் எல்லாம் இந்த நாட்களில் நடக்கும். அழைக்காமல் உள்ளே போகாதீர்கள். சாலை, பள்ளிக்கூடம், நிலத் தகராறு என்று வீட்டு விஷயம் பேசுகிற இடம்.

திருமணங்களுக்கு அழைப்பு வரும். இக்பா ன்க்வு என்ற சடங்கில் மணப்பெண் கையில் கள் கோப்பையுடன் கூட்டத்தில் மணமகனைத் தேடுவாள். வழியில் இளைஞர்கள் தங்களிடம் தரும்படி கைகாட்டிக் கலாட்டா செய்வார்கள். அது அவளை அறிந்தவர்களின் உரிமை. நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

ஆடுகிறவர்கள் மேல் நோட்டுகளைப் பொழிவதைப் பார்த்து நீங்களும் எழுந்துவிட வேண்டாம். 2007-ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அது குற்றம்: ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, அல்லது 50,000 நைராவுக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 2024-இல் பிரபலம் ஒருவர் இதற்காகச் சிறை சென்றார். வெளிநாட்டவருக்கு இந்தச் சிக்கல் தேவையில்லை. உறையில் போட்டு மணமக்கள் கையில் கொடுங்கள்.

10. விடைபெறுவது

புறப்படும் நாளை முதல் நாள் மாலையே பெரியவரிடம் நேரில் சொல்லுங்கள். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு நின்றால், வழியனுப்பும் பொருட்களைத் திரட்ட அவர்களுக்கு நேரம் இருக்காது. சேனைபோலக் கனமான யாம் கிழங்குகள், வாழைத்தார், பனையெண்ணெய், சில வீடுகளில் உயிருள்ள கோழி என்று கட்டிக் கொடுப்பார்கள். எதையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கோழியைத் தூக்கிக்கொண்டு பயணம் செய்ய முடியாதென்றால் அதை வீட்டிலேயே வளர்க்கச் சொல்லி அம்மாவிடம் ஒப்படைக்கலாம்.

பனையெண்ணெய் இருந்தால் விமானத்தைவிட பஸ் வசதி. மூடியை மெழுகு அல்லது நாடா கொண்டு இறுக்கி, இரண்டு பைகளுக்குள் நிமிர்த்தி வையுங்கள். கசிந்தால் அந்தச் செந்நிறக் கறை துணியிலிருந்து போகாது. ஜனவரி 2-க்குப் பிறகு எல்லோரும் லேகோஸ் திரும்புவதால் பாலத்தில் மீண்டும் நெரிசல் இருக்கும். ஒன்று புத்தாண்டுக்கு முன் கிளம்புங்கள், அல்லது முதல் வாரம் கழியட்டும். வந்து சேர்ந்ததும் நண்பருக்கு அல்ல, அவருடைய அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.